நிற்பதற்கு அனுமதி

தமிழில் மரியாதை ‘உட்காருங்க’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. வீட்டுக்கு வருபவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறோம். குமரி மாவட்டத்தில் ‘இரிங்க’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ‘இருங்கோ’ என்பார்கள். இரு என்ற வினைதான் உட்காருவதற்கும், உலகத்தில் இருப்பதற்கும். இருக்கை, இருப்பு, இருப்பிடம் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. வகுப்பில் இதைப் பல ஆண்டுகள் ரசித்துச் சொல்லியிருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக அந்த இரண்டு பொருளும் என் உடம்புக்குள் சண்டை போடுகின்றன. உட்கார்ந்தால் என்னால் இருக்க முடிவதில்லை.

வலி எங்கே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்குறிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில், இடது பக்கமாக. உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எரிச்சல் தொடங்கும். இருபது நிமிடத்தில் சூடான கூழாங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகும். அதற்கு மேல் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், மனதில் ஏறாது. எழுந்து நின்றால் மெல்லத் தணியும். படுத்தால் பெரும்பாலும் இருக்காது. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பியதும் இல்லை.

கல்லூரி ஆசிரியர் வேலை நின்று பேசும் வேலை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வகுப்பில் நிற்பது ஒரு நாளில் மூன்று மணிநேரம். மீதி எல்லாம் நாற்காலியில்தான். வருகைப் பதிவு, அகமதிப்பீட்டு மதிப்பெண், தர மதிப்பீட்டுக்கான கோப்புகள், ஆய்வேடு திருத்துதல், துறைக் கூட்டம், பாடத்திட்டக் குழு, வாய்மொழித் தேர்வு. எல்லாவற்றுக்கும் உச்சம் விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் ஒருவர், எதிரில் ஒருவர். எழுந்து நடந்தால் முகாம் அலுவலர் பார்ப்பார். சிவப்புப் பேனாவால் மாணவியின் பிழையைச் சுழிக்கும்போது என் பற்கள் கடித்துக்கொண்டிருக்கும்.

முதல் பதினைந்து மாதங்கள் நோய்க்குப் பெயர் இல்லை. எலும்பு மருத்துவர் முதுகுத்தண்டை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மகளிர் மருத்துவர் கருப்பையைப் பார்த்தார். குடல் மருத்துவர் மூலம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் நார்மல். ‘நாற்பதைத் தாண்டிட்டீங்க, மனசைக் கொஞ்சம் லேசா வச்சுக்குங்க’ என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைப் பரிசோதித்து முடித்துவிட்டு, வெளியில் காத்திருந்த என் கணவரைக் கூப்பிட்டு, ‘வீட்ல ஏதும் டென்ஷனா சார்?’ என்று கேட்டார். வலி என்னுடையது, விசாரணை அவரிடம்.

கடைசியில் வலிச் சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். ‘வெஸ்டர்ன் டாய்லெட் சீட்ல உட்கார்ந்தா இதே மாதிரி வலிக்குதா?’ இல்லை. அங்கே மட்டும் வலிப்பதில்லை. அந்த இருக்கையின் நடுவில் வெற்றிடம் இருப்பதால் நரம்பு அழுந்துவதில்லை என்று விளக்கினார். நோயின் பெயர் புடெண்டல் நியூரால்ஜியா.

இந்த நரம்பு முதுகுத்தண்டின் அடியில், திரிகப் பகுதியின் இரண்டு, மூன்று, நான்காம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்புகிறது. இடுப்பெலும்பில் இரண்டு தசைநார்களுக்கு நடுவே நுழைந்து, ஒரு குறுகலான பாதை வழியாக வந்து, ஆசனவாய்க்கும் அதை ஒட்டிய தோலுக்கும் கிளிட்டோரிஸுக்கும் கிளை பிரிகிறது. அந்தப் பாதையில் எங்காவது அது நெருக்கப்பட்டாலோ எரிச்சலுற்றாலோ வலி வரும். ஆண்களுக்கும் உண்டு. நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வருவது தெரிந்த விஷயம். பெண்களுக்குப் பிரசவத்தின்போது நரம்பு இழுபடுவது, நாள்பட்ட மலச்சிக்கல், அறுவை சிகிச்சை என்று காரணங்கள் கூடுதல். ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 2008இல் பிரான்சின் நாந்த் நகரத்து மருத்துவர்கள் இதைக் கண்டறிய ஐந்து அடையாளங்களை வகுத்து வெளியிட்டார்கள். உட்கார்ந்தால் கூடும், இரவில் எழுப்பாது என்ற இரண்டும் அவற்றில் அடங்கும். நோயாளியிடம் கேட்டாலே தெரிந்துவிடும் அடையாளங்கள் இவை.

பெயரின் பொருளைத் தேடிப் பார்த்தது தமிழாசிரியரின் தொழில் வியாதி. இலத்தீனில் புடேரே என்றால் வெட்கப்படுதல். புடெண்டம் என்றால் வெட்கப்படத் தக்கது. பெண்ணின் புற உறுப்புக்கு உடற்கூற்றியல் வைத்திருந்த பெயர் அது. 2019இல் வந்த சர்வதேச உடற்கூற்றியல் சொற்பட்டியலில் உறுப்பின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். நரம்பின் பெயரில் அப்படியே இருக்கிறது. என் மருந்துச் சீட்டில் ‘வெட்கத்துக்குரிய நரம்பு’ என்றுதான் எழுதியிருக்கிறது.

ஆனால் இலத்தீனைக் குறை சொல்லிவிட்டுத் தமிழ் தப்பித்துவிட முடியாது. நம் இலக்கணத்தில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல்லைத் தொல்காப்பியர் அவையல் கிளவி என்கிறார். அதை மறைத்து வேறு சொல்லால் சொல்வதை நன்னூல் இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் சேர்க்கிறது. ‘கால் கழுவி வந்தான்’ என்பது நாம் எல்லோரும் படித்த உதாரணம். சங்க இலக்கிய வகுப்பில் அல்குல் என்ற சொல் வரும்போது ‘இடை’ என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குத் தாவும் ஆசிரியர்களிடம்தான் நானும் படித்தேன். அந்தச் சொல் இடுப்பைக் குறிக்கிறதா, பெண்குறியைக் குறிக்கிறதா என்ற விவாதத்தைக்கூட ஆய்வுப் படிப்புக்கு வந்த பிறகே கேள்விப்பட்டேன்.

இந்த நாகரிகத்துக்கு மருத்துவமனையில் ஒரு விலை இருக்கிறது. ‘எங்கம்மா வலிக்குது?’ என்றால் ‘கீழ’ என்கிறோம். ‘கீழன்னா?’ ‘இடுப்புக்குக் கீழ.’ மருத்துவர் இடுப்பெலும்பைத் தட்டிப் பார்க்கிறார். அவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொல் சொல்லப்படாமல் கிடக்கிறது. மூத்திரக் கடுப்பு என்றும், வெள்ளைப்படுதல் என்றும், மூலம் என்றும் அருகில் இருக்கிற சொற்களுக்கெல்லாம் மருந்து கொடுக்கப்படுகிறது. விடுப்புக் கடிதத்தில் எல்லாப் பெண்களும் எழுதும் ‘முதுகுவலி’ என்ற சொல்லுக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை யாராவது முனைவர் பட்டத்துக்கு ஆராயலாம்.

என் பாட்டிக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. ‘கவட்டுக்குள்ள கடுக்குதுடி’ என்று திண்ணையில் இருந்தே சொல்வார். கவடு, கவட்டை என்பவை ஊரில் புழங்கும் சொற்கள். படித்த தமிழ்தான் அவற்றைத் திண்ணையோடு விட்டுவிட்டு வந்தது. புடெண்டல் நரம்பை நான் இப்போது கவட்டு நரம்பு என்றே சொல்கிறேன். அதில் வெட்கம் ஏதும் இல்லை, இடம் மட்டும் இருக்கிறது.

இனி, சமாளிப்பது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பயன்படலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நடுவிலும் பின்பக்கமும் வெட்டுவிட்ட, கெட்டியான நுரைத் திண்டு ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். எடை இரண்டு பக்கத்து உட்காரும் எலும்புகளில் இறங்கி, நடுப்பகுதி தொங்கலில் இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. வட்ட வளையத் திண்டு எனக்கு உதவவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசி அதிரும், எழுந்துவிடுவேன். வலி வந்த பிறகு எழுவதைவிட வருவதற்கு முன்பே எழுவது நல்லது. மலச்சிக்கல் வரவிடக் கூடாது, முக்கக் கூடாது. இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபிஸ்ட்டைத் தேடிப் போனேன். பெண்களுக்கு எல்லோரும் பரிந்துரைக்கும், தசையை இறுக்கும் கீகல் பயிற்சியை அவர் நிறுத்தச் சொன்னார். என் தசைகள் ஏற்கெனவே இறுகிக் கிடந்தன. மூச்சை வயிறுவரை இறக்கி, அவற்றைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார். தளர்வது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நரம்பு வலிக்கான மாத்திரை வலியைப் பாதியாகக் குறைத்தது. கூடவே சொற்களையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது தெரிந்த சொல் ஒன்று வாய்வரை வந்து காணாமல் போகும். கவிதை எழுதுகிறவளுக்கு அது வேறொரு வலி. மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டேன். இடையில் ஒருமுறை நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். மூன்று வாரம் மனிதர்களைப்போல் உட்கார்ந்தேன்.

இதையெல்லாம் நானே செய்துகொள்ளலாம். யாரிடமும் கேட்காமல் செய்துகொள்ள முடியாத ஒன்று, கூட்டத்தில் நிற்பது. எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருத்தி எழுந்து நின்றால் அது எதிர்ப்பாகவோ வெளிநடப்பின் தொடக்கமாகவோ தெரிகிறது. முதல்வர் பேச்சை நிறுத்திவிட்டு, ‘என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?’ என்று கேட்பார். அனுமதி வாங்கிய பிறகும் தலைகள் திரும்பின. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பொறுப்புக்கு என் பெயர் வந்தபோது, ‘அவங்களால உட்கார முடியாதே சார்’ என்று ஒருவர் சொன்னாராம். பேச்சு அதோடு முடிந்தது. அந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எனக்கு அது தெரியுமா என்பது கேள்வியாகவே எழவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட வலி என்று தனியாக ஒன்று அதில் இல்லை. ஆகவே நான் கேட்பது உரிமையா, சலுகையா என்பதை ஒவ்வொரு முறையும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முடிவு செய்கிறார்.

அப்படிச் சுவரோரம் நின்ற ஒரு நாளில், அறையில் நிற்பது நான் மட்டும் இல்லை என்று பார்த்தேன். கதவருகே அலுவலக உதவியாளர் அக்கா நின்றுகொண்டிருந்தார். தேநீர் கொடுத்து முடித்து, காலித் தட்டுடன், அடுத்த அழைப்புக்காக. கூட்டம் இரண்டரை மணிநேரம் நடந்தது. அவர் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பது சேலைக் கரைக்குக் கீழே தெரிந்தது. நான் நின்றால் திரும்பிய தலைகளில் ஒன்றுகூட அவர் நிற்பதைப் பார்த்ததில்லை.

உட்கார முடியாத நான் பெண்ணியத் தொகுப்பு ஒன்றில் நாற்காலியைப் பற்றிப் புகார் எழுதும்போது, நாற்காலிக்காகப் போராடிய பெண்களை நினைக்காமல் இருக்க முடியாது. கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய பெண்கூட்டு அமைப்பு முதலில் கேட்டது கடைப் பெண்களுக்குக் கழிப்பறை. பிறகு கேட்டது உட்காரும் உரிமை. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. அந்தப் பிரிவு யாரையும் உட்காரச் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள இருக்கை இருக்க வேண்டும் என்கிறது. எப்போது உட்காருவது என்பதை ஓரளவாவது அவளிடம் விடுகிறது. நான் கேட்பதும் அதையேதான், எதிர்த்திசையிலிருந்து. பத்து மணிநேரம் ஒருத்தியை நிற்க வைப்பதும் ஆறு மணிநேரம் ஒருத்தியை உட்கார வைப்பதும், அவள் உடம்பைக் கேட்காமல் செய்யப்படுகிற ஒரே காரியம்.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் கடிதத்தில் அவரையும் சேர்த்தேன். ‘என் பேரைப் போடாதீங்க மேடம், ஒரு ஸ்டூல்னு மட்டும் போடுங்க’ என்றார். கோரிக்கை ஒன்று: நின்றுகொண்டு எழுதவும் திருத்தவும் உயரமான மேசை. கோரிக்கை இரண்டு: கூட்ட அறையின் வாசலருகே ஒரு ஸ்டூல். காரணம் என்ற இடத்தில் என் நோயின் பெயரை முழுதாக எழுதினேன். கீழே தமிழில், கவட்டு நரம்பு வலி. தட்டச்சு செய்த இளநிலை உதவியாளர் தலை நிமிரவில்லை, ஆனால் எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தார்.

ஸ்டூல் அந்த வாரமே வந்துவிட்டது. முதல்வர் இருக்கும்போது அக்கா அதில் உட்காருவதில்லை, ‘நல்லா இருக்காது’ என்கிறார். கூட்டம் நீண்டால், கதவுக்கு வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு காலை நீட்டிக்கொள்கிறார். மேசைக்கான கோப்பு பொருள் கொள்முதல் குழுவில் இருக்கிறது. அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். நின்றுகொண்டே பேசுவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.