துரையின் ஊசிக் கொப்பி

பதுளையில் எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் துரை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த குட்டி அது. மதில்மேல் அமர்ந்தபடி வீட்டாரின் வேலைகளை மேற்பார்வை செய்யும் அதன் தோரணையைக் கண்டு என் மனைவி சூட்டிய பெயர். தோட்டத்தில் துரை என்றால் யாரென மலையக வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏனைய அன்பர்களுக்காக: தோட்டத்தை நிர்வகிக்கும் அதிகாரி.

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் துரை ஓயாது தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. தட்டு நிறையத் தின்றும் மெலிந்தது. பின்னங்கால்களின் குதிகால் தரையில் படிய, தள்ளாடி நடந்தது. மிருக வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சலரோகம்" என்றார். குதிகால் ஊன்றி நடப்பது, சீனி மிகுந்து நரம்புகள் பாதிக்கப்பட்டதன் அடையாளமாம். "பூனைக்குமா?" என்று கேட்டேன். நடுவயது கடந்த, உடல் பருத்த ஆண் பூனைகளுக்கு இது அதிகமாக வருவதுண்டு என்றார்.

நாளுக்கு இரு தடவை, பன்னிரண்டு மணித்தியால இடைவெளியில், ஒவ்வோர் அலகு இன்சுலின். மனிதர்கள் பாவிக்கும் அதே மருந்துதான். ஒரு மில்லிலீற்றரில் 100 அலகுகள் கொண்டது. ஓர் அலகு என்பது ஒரு சொட்டிலும் குறைவு. அதற்கென அமைந்த ஊசிக்குழலையே பாவிக்க வேண்டும் என்று அவர் இருமுறை வற்புறுத்தினார். மிருகங்களுக்கான சில இன்சுலின்கள் மில்லிலீற்றருக்கு 40 அலகுகள் கொண்டவை. அவற்றுக்குரிய குழலில் இந்த மருந்தை எடுத்தால், உடலுக்குள் செல்வது இரண்டரை மடங்கு.

சீனியின் அளவை வீட்டிலேயே பார்ப்பதுதான் நல்லது என்றும் சொன்னார். பூனையைக் கூடையில் அடைத்து ஓட்டோவில் ஏற்றினால், அந்தப் பயத்திலேயே சீனி ஏறிவிடும். ஆகவே காது மடலின் ஓரத்தைச் சூடாக்கி, ஊசி முனையால் தொட்டு, ஒரு துளி எடுக்கப் பழகினேன். நாற்பது வருடங்கள் பத்திரிகைக்கு எழுதிய விரல்கள் முதல் வாரம் நடுங்கின. துரைதான் என்னைப் பொறுத்துக்கொண்டது.

ஆறாம் நாள் காலை மானி 380 காட்டியது. பத்திரிகைக்காரனுக்கு எண் என்றால் ஓர் அவசரம். மறுநாள் இரண்டு அலகாக்கினேன். இரு நாள் கழித்து மூன்று. வைத்தியரைக் கேட்கவில்லை. எண் இறங்கவில்லை, நான்காக்கினேன். அன்று நண்பகல் துரை சுவரோரம் சரிந்து கிடந்தது. வாயில் எச்சில், கண்களில் வெறிப்பு. மானியில் 38. மனைவி ஓடிப்போய்த் தேன் போத்தலை எடுத்து வந்தாள். சிறிது சிறிதாக ஈறுகளில் தடவினோம். அரை மணித்தியாலத்தில் தலை தூக்கியது. உடனே வைத்தியரிடம் கொண்டு ஓடினோம்.

அவர் கோபிக்கவில்லை. என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "காலையில் வரும் எண்ணை மட்டும் பார்த்து அளவைக் கூட்டக்கூடாது. ஊசி போட்டபின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள். எவ்வளவு தாழ்வுவரை போகிறது என்பதுதான் முக்கியம். அளவு மிகுந்து சீனி விழுந்தால், உடல் தன் கையிருப்பைக் கொட்டும். அடுத்த எண் உயர்ந்தும் தெரியலாம். ஓர் அளவைத் தொடங்கினால் ஒரு வாரமாவது பொறுங்கள். மாற்றினால் அரை அலகு" என்றார். பிறகு கொப்பியைத் திருப்பித் தந்து, "சாப்பிட்டதா என்று எங்கும் எழுதவில்லையே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

என் பெரியம்மா பசறைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1980களில் அவருக்கும் சலரோகம். காலையில் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு மலையேறுவார். அட்டையில் எழுதியிருந்த அளவு ஒருநாளும் மாறியதில்லை. மாறியது அவர் வயிறுதான். சம்பள நாளுக்கு முந்திய வாரம் ரொட்டி பாதியாகும். சில நாள் வெறும் தேத்தண்ணி. அப்படியொரு காலையில் கொழுந்துக் கூடையோடு மலையில் சாய்ந்தார். பேய் அடித்தது என்றார்கள் சிலர். நல்லவேளையாக ஒருத்தி சீனி கரைத்த சாயத்தண்ணியை வாயில் ஊற்றினாள், பிழைத்தார்.

அதன்பின் ஊசி என்றாலே அவருக்குப் பயம். "வயித்துல ஒன்னும் இல்லாம எப்புடி தம்பி ஊசி போட்டுக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். ஒரு நாள் போவார், இரு நாள் போகமாட்டார். நான்கு வருடங்களில் கால் புண்ணாகி, கால் போய், ஆளும் போனார். நான் அப்போது பதுளை நிருபர். தோட்டங்களின் சம்பளப் போராட்டங்களைப் பத்தி பத்தியாக எழுதினேன். பெரியம்மாவின் கேள்வியில் ஒரு செய்தி இருந்ததை மட்டும் காணவில்லை. மருந்தின் அளவைத் தவறாமல் கொடுப்பதற்கு முதலில் சோற்றின் அளவு தவறாதிருக்க வேண்டும் என்பதே அந்தச் செய்தி.

1921இல் ரொறன்ரோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களில் ஆராய்ந்து கண்ட மருந்து இது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு ஏற்றப்பட்டது. பின்னர் பல்லாண்டுகள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்தே மனிதர்கள் உயிர் தரித்தார்கள். அந்தக் கடனில் ஒரு சிறு பங்கு எங்கள் துரைக்குத் திரும்பியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. பூனைக்கு மானியும், ஊசியும், பார்த்திருக்க இரண்டு பேரும் வாய்த்தார்கள், பெரியம்மாவுக்கு வாய்க்கவில்லை. அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

துரை இப்போது ஒன்றரை அலகில் நிலைத்திருக்கிறது. சோறு நிறுத்தி மீனும் கோழியும் மட்டும் கொடுக்கிறோம். சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு என்கிறார் வைத்தியர், காத்திருக்கிறோம். நான் எழுதியதைப் பார்த்து எவரும் தம் பூனைக்கு அளவு நிர்ணயிக்க வேண்டாம். அவரவர் வைத்தியரைக் கேளுங்கள்.

புதுக் கொப்பியில் மூன்று நிரல்கள் போட்டிருக்கிறேன். முதலாவது, சாப்பிட்டதா. இரண்டாவது, சீனி எவ்வளவு. மூன்றாவதுதான் ஊசி.