கட்டியைக் கரைப்பது மருந்து, காப்பது கண்காணிப்பு



என் அக்கா மகனுக்குக் காலில் ரத்தம் உறைந்து, கோவையில் சிகிச்சை முடிந்து ஊத்துக்குளி திரும்பிவிட்டான். விசாரித்த அனைவருக்கும் நன்றி. "கரைக்கிற மருந்துதானே, எதற்கு ஐசியூவில் வைத்தார்கள்?" என்று பலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

மாப்பிள்ளை பனியன் கம்பெனி டெய்லர். ஷிப்மென்ட் அவசரம், தினமும் ஒன்றரை ஷிப்ட். ஒருநாள் இடது கால் மட்டும் தொடைவரை வீங்கிவிட்டது. ஸ்கேனில் இடுப்புப் பக்க ரத்தக்குழாயில் பெரிய கட்டி.

பெரும்பாலோருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தே போதுமாம். கட்டி பெரிது, புதிது, வயதும் குறைவு என்பதால் இவனுக்கு முழங்காலுக்குப் பின்னால் மெல்லிய குழாய் செலுத்தி, கட்டிக்குள்ளேயே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

இவ்வகை மருந்தின் கதை பழையது. தொண்டைப்புண் உண்டாக்கும் கிருமியிடம் ரத்தக்கட்டியைக் கரைக்கும் பொருள் இருப்பதை 1933இல் அமெரிக்காவின் வில்லியம் டில்லட் கண்டறிந்தார். அந்த ஸ்ட்ரெப்டோகைனேஸை நம் நாட்டிலேயே தயாரிக்க வழிசெய்தது சண்டிகரில் கிரிஷ் சாஹ்னியின் குழு. இன்று புதிய மருந்துகளும் உண்டு. ஆனால் எதற்கும் நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று முழுதாகப் பிரித்தறியத் தெரியாது. காலில் அடைத்ததையும் கரைக்கும், வேறெங்கோ காயத்தை மூடியிருப்பதையும் கரைக்கும்.

அதனால்தான் காவல். செவிலியர் அடிக்கடி வந்து குழாய் போட்ட இடம், ஈறு, சிறுநீரின் நிறம், ரத்த அழுத்தம், பாத நாடி எல்லாம் பார்த்தார்கள். "தலை வலிக்குதா? பேர் சொல்லுங்க" என்று தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டார்கள், மூளையில் கசிவு வந்தால் பேச்சு குழறுமாம். சில மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஃபைப்ரினோஜன் பார்த்தார்கள். ரத்தம் உறையத் தேவையான புரதம் அது. 200 முதல் 400 வரை இயல்பு. நள்ளிரவில் ஈறில் ரத்தம் கசிந்தது, அளவும் 150க்குக் கீழே இறங்கியிருந்தது. உடனே மருந்தைப் பாதியாக்கினார்கள். அக்கா அழுதேவிட்டாள். விடிவதற்குள் கசிவு நின்றது. மறுநாள் படத்தில் குழாய் திறந்திருந்தது. இனி சில மாதம் மாத்திரை.

மிஷினில் உட்காரும் பிள்ளைகளே, மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சு வாங்கினால் 108ஐ அழையுங்கள்.

எல்லோரும் நலமோடு இருங்கள், கண்ணுகளா.