ஏ4 வீதியில் ஹப்புத்தளை வரை

கல்முனை டவுனுக்கு நடுவால் போகிற எங்கட மெயின் வீதிக்கு ஏ4 என்று பெயர். மட்டக்களப்பில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டியே போய், பொத்துவிலில் மேற்கே கிறுகி, லகுகல காட்டுக்குள்ளால் சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய தாண்டி மலை ஏறுகிறது. மறுகா இரத்தினபுரி, கடைசியில் கொழும்பு. ஹப்புத்தளைக்குப் போக கூகுள் மேப்பே தேவையில்லை. இந்த வீதியை விடாமல் பிடித்துக்கொண்டு போய், பெரகல சந்தியில் ஒரு தரம் கிறுகினால் சரி. 200 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட.

ஆனால் எங்கட பக்கத்துப் பொடியன்மார் அப்படிப் போவது குறைவு. நுவரெலியா என்றால் மஹியங்கனைப் பக்கத்தால் போவார்கள். எல்ல என்றால் வெல்லவாயவில் ஏ4ஐ விட்டுவிட்டு, இராவணன் நீர்வீழ்ச்சியில் நின்று போட்டோ எடுத்து, ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்வரை காத்திருந்து திரும்புவார்கள். பிழை சொல்லவில்லை, நாங்களும் இரண்டு தரம் அதைத்தான் செய்தோம். இந்த முறை, வீதி போகிற பக்கமே போய்ப் பார்ப்போம் என்று முடிவு.

ஏழு பேர், வாடகைக்கு ஒரு கேடிஎச் வேன், அதை ஓட்ட ஒரு காக்கா. கல்முனையில் ஜேர்சி போடுவது கைக்குழந்தைகள் மட்டும்தான் என்பதால், ஏழு ஜேர்சி தேடிப் பிடித்ததுதான் பயணத்தின் மிகப் பெரிய ஏற்பாடு. கட்டாரில் இருந்து வந்த உறவுக்காரர்களின் ஜக்கெட்டுகள் கைகொடுத்தன. சனிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். அக்கரைப்பற்றில் ஒருத்தனை ஏற்றினோம். லகுகல குளத்தில் யானை நிற்கும் என்று ஜன்னலெல்லாம் திறந்து வைத்தோம். எருமைதான் நின்றது. மொனராகலையில் சோத்துப் பார்சலைப் பிரித்தோம். அதுவரை சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

வெல்லவாயவுக்குப் பிறகு காதடைக்கத் தொடங்கியது. 220 மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிற தியலும நீர்வீழ்ச்சி வீதியில் இருந்தே தெரியும், இறங்க வேண்டியது கூட இல்லை. நாங்கள் இறங்கினோம், நனைந்தோம், நடுங்கினோம். கொஸ்லந்தையை நெருங்கும்போது ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடையில் காக்கா வேனை நிறுத்தினார்.

கடையில் இருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். இஞ்சி பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பிமாரு எந்த ஊரு?"

"கல்முனை அம்மா."

"கல்முனையா? சுனாமி வந்த ஊருதானே?"

கல்முனை என்றால் எருமைத் தயிரை நினைக்கலாம். பக்கத்து மருதமுனைச் சாரனை நினைக்கலாம். அவருக்கு நினைவுக்கு வந்தது சுனாமி. அதில் வருத்தப்பட எங்களுக்கும் உரிமை இல்லை. கொஸ்லந்தை என்ற பெயர்ப் பலகையைக் கண்டதும் வேனுக்குள் ஒருத்தன் சொன்னது, "மண்சரிவு நடந்த இடம் மச்சான்" என்றுதான்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக முப்பது பேருக்கு மேல். பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, உம்மா வாப்பாவும் இல்லை. அந்த மலை ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். செய்திகளில் இதை வாசித்தபோது, "சொல்லியும் ஏன் போகாமல் இருந்தார்கள்?" என்று எங்கட வீடுகளிலும் கேட்டார்கள்.

அந்த அம்மாவின் சொந்தக்காரக் குடும்பம் ஒன்று அங்கே இருந்ததாம். அவர் சொன்னது இதுதான்: "போகச் சொன்னாங்க தம்பி. எங்க போறதுன்னு யாரும் சொல்லல."

லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அது நிற்கிற மண்ணும் அப்படியே. நாளைக்கு நீ வேறு இடத்தில் இரு என்றால், பக்கத்தில் ஒரு துண்டு காணியில் கொட்டில் போட்டுக்கொள்ளக்கூட அவர்களுக்கு வழியில்லை. தோட்டத்தை விட்டு வெளியே போனால் வேலையும் போய்விடும். தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். புது வீடு கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடங்கள்.

எச்சரிக்கை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். 2012 ஏப்ரல் 11, சுமாத்ராவில் பூமி அதிர்ந்ததும் ஊரே வயல் பக்கம் ஓடியது. நாங்கள் சின்னப் பிள்ளைகள், யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் நாலு பேராக ஏற்றி அனுப்பப்பட்டோம். ஆனால் அது ஒரு பின்னேரத்து ஓட்டம். இரவே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டோம். இருக்கிற இடத்தையே விட்டுவிட்டுப் போ என்பது வேறு சங்கதி. அதுவும் எங்கட ஊருக்குத் தெரிந்ததுதான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள், பிறகு தூரம் குறைந்தது. மருதமுனையில் இன்றும் ஒரு குடியிருப்புக்கு '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்றே பெயர்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கரைப்பற்றுக்காரன் மட்டும் வாய் திறக்கவில்லை. வேனில் ஏறிய பிறகுதான் சொன்னான், நுரைச்சோலை வீட்டுத் திட்டத்தில் வீடு வரும் என்று அவன்ட வாப்பா எத்தனையோ வருடம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. அந்தக் கதை கிழக்கில் தெரியாதவர்கள் இல்லை. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்பது இனப் பிரச்சினையாகி, உச்ச நீதிமன்றம் வரை போய், தீர்ப்புக்குப் பிறகும் வருடக்கணக்காக வீடுகள் பூட்டியே கிடந்தன. மரம் முளைத்தது, கதவு நிலைகள் உக்கின. மீரியபெத்தையில் போக வீடு இல்லை. எங்களிடம் வீடு இருந்தது, போக விடவில்லை. "ரெண்டும் ஒரே ரோட்டிலதான் இரிக்கி," என்றான் அவன். முழுக்கச் சரி இல்லை, நுரைச்சோலை அக்கரைப்பற்றில் இருந்து அம்பாறைக்குப் போகிற பக்கம். ஒருத்தரும் திருத்தவில்லை.

ஹப்புத்தளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போட்டோ பார்த்தவர்கள் கேட்பார்கள். குளிர் உண்மையிலேயே குளிர்தான், கட்டார் ஜக்கெட்டுகள் அதற்குப் போதவில்லை. ஞாயிறு விடியமுதல் த்ரீவீலரில் தம்பேதன்ன தோட்டத்துக்குள்ளால் லிப்டன் சீட்டுக்குப் போனோம். 1890இல் இந்தத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்ப்பாராம், அதனால் அந்தப் பெயர். இப்போது அவருடைய சிலை கையில் கோப்பையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இருந்து படம் எடுக்க வரிசை. மூடுபனி விலகினால் தெற்கே கடல் தெரியும் என்றார்கள். எங்களுக்கு விலகவில்லை. கீழே பச்சை மட்டும் அடுக்கடுக்காகத் தெரிந்தது, சுபஹானல்லாஹ், பார்க்கப் பார்க்க அலுக்காத பச்சை. அதற்குள் அங்கங்கே தகரக் கூரைகள், லயங்கள். முந்தின நாள் அந்த அம்மாவைச் சந்திக்காவிட்டால், படம் எடுக்கும்போது அவற்றை ஃப்ரேமுக்கு வெளியே விட்டிருப்போம். இப்போது ஒவ்வொரு கூரைக்கும் பின்னால் நிற்கிற சரிவு எவ்வளவு செங்குத்து என்று பார்த்துக்கொண்டு நின்றோம். கொழுந்துப் பைகளோடு பெண்கள் வேலைக்கு ஏறி வந்தார்கள். ஒருத்தன் போனைத் தூக்கினான், பிறகு அவனாகவே பைக்குள் வைத்தான்.

இறங்கும்போது காக்கா சின்னக் கியரிலேயே வேனை விட்டார், பிரேக்கை நம்பக் கூடாது என்று சொல்லிச் சொல்லி. கொஸ்லந்தையில் அதே கடை. அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் நின்றார்கள். கடலை டிவியில் மட்டும் பார்த்தவர்கள்.

"இங்கேருந்து கடலு எவ்வளவு தூரம்?" என்று மூத்தவள் கேட்டாள்.

"இந்த ரோட்டாலயே நேரா வந்தா எங்கட ஊரு," என்றோம்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். தண்ணி திரும்ப வந்தால் எங்கே ஓடுவது என்று கேட்டார். வயல் பக்கத்தை, பள்ளிவாசல் மாடியை, பாடசாலைக் கட்டடத்தையெல்லாம் விளங்கப்படுத்தினோம். அதன் பிறகுதான் ஓகஸ்ட் லீவுக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். வேனுக்கு காக்காவிடம் பேசியாயிற்று.