ஈயம் அங்கே கிடைக்கும்

கடலில் மூழ்கப் போகிறவர்களுக்கு முதல் சோதனை விமான நிலையத் தராசில்தான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் சாதாரண டிக்கெட்டில் பொதுவாகப் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. ரெகுலேட்டர், துடுப்பு, முகமூடி, வெட்சூட் என்று வைத்த பிறகு எஃகுப் பேக்பிளேட்டையும் உள்ளே தள்ளினால் மாற்றுத்துணிக்கு இடமிருக்காது. டேங்கையும் காற்றுப்பையையும் தோள்பட்டைகளையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் முதுகுத் தகடு அது. எடை குறைவான தகடு எங்கே கிடைக்கும், சொந்தமாகச் செய்துகொள்ள முடியுமா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கிடைக்கும், செய்யவும் முடியும். ஆனால் அது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள் என்பேன். நாம் சுமக்கிற கனம் பல நேரம் வேறு யாருடைய தேவைக்காகவோ உண்டானது.

இந்தத் தகட்டு அமைப்பை 1979-இல் அமெரிக்காவின் வட ஃப்ளோரிடாவில், நீரடிக் குகைகளுக்குள் போகிறவர்களுக்காக உருவாக்கியவர் கிரெக் ஃப்ளனகன். வில்லியம் ஹோகார்த் மெயின் பிறகு அதைச் செம்மைப்படுத்தினார். முதுகில் இரட்டை டேங்க், தலைக்கு மேல் பாறை, நினைத்தவுடன் மேலே வர வழியில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வளையாத, ஆடாத தகடு உயிர்த்தேவை. இரட்டை டேங்கைப் பூட்டும் போல்ட்டுகளுக்காக 11 அங்குல இடைவெளியில் போட்ட இரண்டு துளைகள் இன்றும் தகடுகளில் இருக்கின்றன. அந்தமானின் ஹாவ்லாக் தீவில் ஒற்றை டேங்கோடு பவளப்பாறை பார்க்கப் போகிறவருக்கு அந்தக் குகையின் கட்டாயம் எதுவும் கிடையாது.

3 மி.மீ. எஃகுத் தகடு சுமார் இரண்டரை கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியத் தகடு ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். பெட்டியில் ஒன்றரை கிலோவுக்கு மேல் மிச்சம். ஆனால் இரண்டு தகடுகளும் ஒரே பருமன் என்பதால் தண்ணீர் இரண்டையும் ஒரே அளவுதான் மேலே தள்ளும். தராசில் குறைந்த எடை தண்ணீருக்குள்ளும் அப்படியே குறையும். முன்பு சரியான எடையோடு மூழ்கியவர், குறைந்ததை ஈயக்கட்டியாகக் கட்டித்தான் ஆகவேண்டும். கட்டாவிட்டால் மூழ்கும்போது தெரியாது, திரும்பும்போது தெரியும். வழக்கமான 11 லிட்டர் அலுமினிய டேங்க் நிறைந்திருக்கையில் முக்கால் கிலோ கனத்தோடு கீழ்நோக்கி இழுக்கும். காற்று தீர்ந்ததும் அதே டேங்க் ஏறத்தாழ இரண்டு கிலோ விசையோடு மேல்நோக்கி இழுக்கும். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு ஏற வேண்டிய நேரத்தில், நிற்க முடியாமல் மேலே போய்விடுவீர்கள்.

சரி, அந்த ஈயத்தையும் நாம்தான் தூக்கிப் போக வேண்டுமா? வேண்டாம். டேங்கும் ஈயமும் போகிற இடத்தில் டைவ் கடைக்காரர் தருவார். முகத்தில் சரியாகப் படியும் முகமூடியும், தோளுக்கு அளந்து கோத்த பட்டையும் அங்கே கிடைக்காது. இடுப்பு ஈயத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆபத்தென்றால் கொக்கியைத் தட்டி விட்டுவிடலாம், முதுகில் பூட்டிய எஃகை விட முடியாது. அந்தமான் போன்ற வெதுவெதுப்பான கடலில் மெல்லிய உடுப்பே போதும் என்பதால் ஈயமும் கொஞ்சம்தான் தேவைப்படும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து இறங்கினார்கள். அடி தொட்டதும் தோணியில் இருந்தவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். இறங்க உதவிய கனத்தை ஏறும்போது அவர்கள் சுமக்கவில்லை.

பட்டறையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குக் குடிவந்தபோது நான் போட்டதும் இதே கணக்குதான். லேத்தையும் டிரில்லிங் மெஷினையும் கொடுத்துவிட்டேன். அந்த வேலையைக் கோவையில் எந்தப் பட்டறையிலும் செய்து வாங்கிக்கொள்ளலாம். என் கைக்குப் பழகிய அரங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தவிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போகிற இடத்தில் அது கிடைக்குமா?

எனக்கு நானே அலுமினியத் தகடு செய்தபோது அந்த அரங்கள்தான் கைகொடுத்தன. துணியில் தைத்த மென்தகடுகளும் கார்பன் ஃபைபர் தகடுகளும் கடையில் வருகின்றன, நல்லவைதான். துணித்தகடு சுருட்டிப் பெட்டியின் மூலையில் செருகக்கூடியது. எனக்கு உலோகம்தான் பிடிக்கும். ஒற்றை டேங்கை ஆடாமல் முதுகோடு நிறுத்துவதில் அதற்கு ஈடில்லை. செய்கிறவர்கள் 6061 டி6 அலுமினிய ஷீட்டைத் தேடிப் போகாதீர்கள். உறுதியானதுதான், ஆனால் நெருக்கி வளைத்தால் மடிப்பில் விரிசல் விடும். 5052 ரகம் சொன்னபடி வளையும், உப்புத் தண்ணீரையும் தாங்கும். வெளிக்கோட்டையும் பட்டை போகும் நீள்துளைகளையும் வெட்டி, நடுவில் நீளவாக்கில் மேடு வரும்படி வளைக்கக் கொடுங்கள். அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு துளையின் உள்விளிம்பிலும் பிசிறு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அரை வட்ட அரத்தால் இருபுறமும் உருட்டித் தேய்த்து, பிறகு உப்புத்தாள் போட்டு, ஒரு பழைய பருத்தித் துணியைத் துளைக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் மாட்டினாலும் இன்னும் தேய்க்க வேண்டும். துணியைப் பிடிக்கிற விளிம்பு, நாள்பட நைலான் பட்டையையும் அறுத்துவிடும். அவசரப்படுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாக அலுமினியத்தில் உட்காரக் கூடாது. உப்புநீர் பட்டால் அந்த இடத்தில் அலுமினியம் அரித்துக்கொண்டே வரும். நடுவே நைலான் வாஷர் வையுங்கள், ஒவ்வொரு மூழ்கலுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். புதுத் தகட்டை முதலில் நீச்சல் குளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கக் கட்டிப் பாருங்கள். கடலில் ஈயத்தின் அளவை டேங்கின் அழுத்தம் 50 பார் அளவுக்குக் குறைந்திருக்கும்போது சரிபாருங்கள். காற்றுப்பை வெறுமையாக இருக்க, 5 மீட்டரில் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும்.

பேத்தி இப்போது தனக்கொன்று கேட்கிறாள். அவளுக்குத் தோள் குறுகல். என் தகட்டின் மேல்துளைகள் அவளுக்கு அகலமாகிவிடும், பட்டை தோளிலிருந்து நழுவும். கழுத்தடியிலிருந்து இடுப்பெலும்பு வரை நீளமும், இரண்டு பட்டைகளும் உட்கார வேண்டிய இடைவெளியும் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.