மஞ்சள் படாத சொல்

சி.ஏ. இன்டரில் ஒரு குரூப்பைத் தாண்ட இரண்டு நிபந்தனைகள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 எடுக்க வேண்டும். மூன்று தாள்களையும் கூட்டினால் 300க்கு 150 வர வேண்டும். என் சித்தி மகள் அக்கவுண்ட்ஸில் 58, சட்டத்தில் 43, வரியில் 46 எடுத்தாள். கூட்டினால் 147.

இன்னொரு விதியும் உண்டு. குரூப் போனாலும், ஏதாவது ஒரு தாளில் 60 இருந்தால் அந்தத் தாளை அடுத்த மூன்று தேர்வுகளுக்கு எழுத வேண்டியதில்லை. அவளிடம் இருந்தது 58. ஆக மூன்று மார்க்கில் குரூப் போனது, இரண்டு மார்க்கில் அந்த விலக்கும் போனது.

2025 மே தேர்வு அது. ரிசல்ட் ஜூலை 6ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் குரூப்பை நாடு முழுக்க 97,034 பேர் எழுதி 14,232 பேர் தேறியிருந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட இல்லை. அதைச் சொன்னதும் சித்தி ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பதினஞ்சுல நம்ம பிள்ள ஏன்யா இல்ல?"

சித்தியைத் தவிர மற்ற எல்லாரும் ஆறுதல்தான் சொன்னார்கள். எங்கள் தெருவில் அந்த வாரம் முழுக்க ஒரே வசனம். "மூணு மார்க்குதான? இன்னும் கொஞ்சம் கூடப் படிச்சா வந்துரும்லா." நல்ல மனதோடு சொல்கிற வார்த்தைதான். ஆனால் தோல்விகளிலேயே ஆளை அதிகம் ஏமாற்றுவது இந்த மயிரிழைத் தோல்வி என்று எனக்குத் தோன்றுகிறது. 90 மார்க் வாங்கியிருந்தால் எல்லாரும் உட்கார்ந்து யோசித்திருப்போம்: இந்தப் படிப்பு வேண்டுமா, படிக்கிற விதம் சரியா என்று. 147 யாரையும் யோசிக்க விடாது. செய்ததையே இன்னும் கொஞ்சம் செய் என்று சொல்லும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன்னால், "ஒத்த நம்பர்ல போச்சுடே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை வாங்கிய பெரியவர்களை என் வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பார்த்திருப்பார்கள். எல்லா நம்பரும் தப்பியவன் வீட்டுக்குப் போய்விடுவான். ஒத்த நம்பரில் விட்டவன்தான் மறுநாளும் கடை வாசலில் நிற்பான்.

அவள் செய்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோச்சிங்கின் ரெக்கார்டு செய்த வகுப்புகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் முழுக்கப் பார்த்தாள். மெட்டீரியலை மூன்று ரவுண்டு வாசித்தாள். சி.ஏ. பிள்ளைகள் எல்லாரும் ரவுண்டுக் கணக்குத்தான் பேசுவார்கள்: "ரெண்டாவது ரவுண்டு முடிச்சிட்டேன்", "பரிட்சைக்கு முன்னாடி நாலு ரவுண்டாவது போகணும்." எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாஷை புதிதில்லை. ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரநாராயணர் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் கோமதியம்மனின் கால்வலியைச் சுற்றுகிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. அங்கே சுற்றுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தைச் சுற்றுவதில் யாருடைய வலியும் குறைவதில்லை.

ரிசல்ட் வந்த அன்று இரவே அவள் போட்ட திட்டம், அதே வகுப்பை இரண்டு மடங்கு வேகத்தில் மறுபடி பார்ப்பது, இந்தத் தடவை ஐந்து ரவுண்டு.

என் தொழிலில் ஒரு புரோகிராம் விழுந்தால் முதலில் அதே புரோகிராமை மறுபடி ஓட்டமாட்டோம், லாக்கைத் திறப்போம். தேர்வுக்கும் லாக் உண்டு. திருத்திய விடைத்தாளின் நகலைப் பணம் கட்டி வாங்கலாம். தன் விடைத்தாளைப் பார்ப்பது தேர்வு எழுதியவரின் தகவல் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் ஒரு சி.பி.எஸ்.இ. வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இதில் மறுமதிப்பீடு கிடையாது. கூட்டலைச் சரிபார்க்கச் சொல்லலாம், விட்டுப்போன விடை இருந்தால் காட்டலாம், அவ்வளவுதான். நகலுக்கு எழுதிப் போடச் சொன்னபோது அவள், "மார்க் கூடாதுல்ல அண்ணே, பெறகு எதுக்கு?" என்றாள். மார்க்குக்காக இல்லை, வாசிக்க என்றேன். தன் கையெழுத்தைத் தானே திரும்ப வாசிக்கிற கூச்சம் இருக்கிறதே, அது எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். நகல் வந்து இரண்டு நாள் அந்த ஃபைலை அவள் திறக்கவில்லை.

திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சட்டத் தாளில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றி ஒரு கேள்வி. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. முந்தைய நிதியாண்டில் ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு 500 கோடி அல்லது அதற்கு மேல், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது அதற்கு மேல், அல்லது நிகர லாபம் 5 கோடி அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தக் கம்பெனி இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். மூன்றில் ஏதாவது ஒன்று போதும். அவள் 500, 1,000, 5 என்று மூன்று எண்களையும் சரியாக எழுதியிருந்தாள். ஆனால் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று எழுதி, கேள்வியில் வந்த கம்பெனிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று முடித்துவிட்டாள். புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது தினசரி வேதனை: 'ஆர்' வர வேண்டிய இடத்தில் 'ஆண்ட்'.

மெட்டீரியலைக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் 500 கோடிக்கு மஞ்சள், 1,000 கோடிக்கு மஞ்சள், 5 கோடிக்கு மஞ்சள். நடுவில் இருந்த 'அல்லது' வெள்ளையாகவே கிடந்தது. மூன்று ரவுண்டிலும் கண் மஞ்சளிலிருந்து மஞ்சளுக்குத் தாவியிருக்கிறது. அவள் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இது தெரியும்ணே" என்றாள். பொய்யில்லை. புத்தகம் திறந்திருக்கும்போது அவளுக்குத் தெரியும்.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். சட்டத்தில் முதலில் பிரிவு என்ன சொல்கிறது என்று எழுதி, பிறகு கேள்வியில் வரும் சம்பவத்தை அதோடு பொருத்தி, கடைசியில் முடிவைச் சொல்ல வேண்டும். அவள் பல இடங்களில் முடிவை முதல் வரியில் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தாள். வரித் தாளில் கடைசிக் கணக்கு பாதியில் நின்றது, நேரம் போதவில்லை. படிக்காத பாடம் என்று ஒன்றுகூட இல்லை. போன மார்க் எல்லாம் தெரிந்த பாடத்தில் போன மார்க்.

இது பற்றி உளவியலில் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு குழுவைத் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டார்கள். இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடிவைத்து நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ். வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள். வாசிப்பு நினைவைத் தந்ததைவிட நம்பிக்கையை அதிகம் தந்திருக்கிறது. 2013இல் டன்லோஸ்கியும் மற்றவர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது, கோடு போடுவதும் மறுவாசிப்பும் பயன் குறைந்தவை என்ற வரிசையில் நின்றன. தன்னைத் தானே சோதிப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன.

இதையெல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். எங்கள் வீடு மாதிரி ஒரு வீட்டில் செய்வது வேறு விஷயம். எங்கள் ஊரில் படிப்பு என்பது கேட்கவோ பார்க்கவோ வேண்டிய ஒன்று. சத்தமாக வாசித்தால் படிக்கிறாள். புத்தகத்தை விரித்து மஞ்சள் அடித்தால் படிக்கிறாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தால்? "என்னட்டி, கனவு காங்கியா?" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வரும். உருப்படியான முறை எதுவோ அதுதான் பார்ப்பதற்குப் படிப்பு மாதிரியே இல்லை. போதாக்குறைக்கு அது அசிங்கமாகவும் இருக்கிறது. மூடிவைத்து எழுதிப் பார்த்த முதல் தாளில் அவளுக்கு 31 வந்தது. மூன்று ரவுண்டு படித்த சட்டத்தில் 31. அன்று அவள் சாப்பிடவில்லை.

இங்கே மனப்பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் எல்லாரும் அதைத் திட்டித் திட்டியே இலக்கியவாதிகள் ஆனோம். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் எண்சுவடியைச் சட்டாம்பிள்ளை முன்னால் பாராமல் ஒப்பித்தானே, அது சுவடியை மூடிவைத்துத் தன்னைச் சோதித்துக்கொண்டதுதான். பொருள் புரிந்ததா என்பது தனிக் கேள்வி. வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத் தலையாட்டுவதைவிட அது நேர்மையான உழைப்பு.

முறையை மாற்றுவது ஒரு முடிவு என்றால், எப்போது எழுதுவது என்பது அதைவிடப் பெரிய முடிவாக இருந்தது. இப்போது இன்டர் தேர்வு வருஷத்துக்கு மூன்று தடவை: ஜனவரி, மே, செப்டம்பர். கேட்பதற்கு வாய்ப்பு கூடிய மாதிரி இருக்கும். ஆனால் ஜூலை 6இல் ரிசல்ட், செப்டம்பர் 4இல் அடுத்த தேர்வு. சரியாக அறுபது நாள். இடைவெளி விட்டுப் படி என்று ஆராய்ச்சி சொல்கிறது, இடைவெளிக்கு இடமே இல்லை. சித்தப்பா ஏற்கெனவே கணக்கைச் சொல்லியிருந்தார். "இன்னும் ரெண்டு தடவ எழுதட்டும். பெறகு பேசக்கூடாது." அதற்குப் பிறகு என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, ஜாதகம் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்திருந்தது. இரண்டு குரூப்பும் முடித்தால்தான் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர முடியும், அது இரண்டு வருஷம், அதற்குப் பிறகு ஃபைனல். அவள் கையில் இருந்ததோ இரண்டு அட்டெம்ப்ட்.

படிப்பு முறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை. எத்தனை தடவை தோற்க ஒருத்திக்கு அனுமதி இருக்கிறது என்பதைப் பொறுத்து முறை மாறும். அனுமதி நிறைய இருந்தால் செப்டம்பரில் எழுதிப் பார்க்கலாம், பயிற்சி மாதிரி. இரண்டே இரண்டு இருந்தால், ஒன்றை அவசரத்தில் செலவழிக்க முடியாது.

செப்டம்பரை விட்டுவிடுவதாக அவள்தான் சொன்னாள். வீட்டில் அது பயமாகவும் சோம்பலாகவும்தான் தெரிந்தது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குய்யா இம்புட்டுக் கஷ்டமான படிப்பு" என்று சித்தி என்னிடம் ஆரம்பித்தாள். அவளுக்கு சிவபோகம் கதையைச் சொன்னேன். இந்தியாவின் முதல் பெண் கணக்காயர், சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் ஓராண்டு சிறையில் இருந்தவர், 1933இல் கணக்குத் தேர்வில் தேறினார். சிறை சென்றவர் என்பதால் தொழிலுக்குப் பதிவு செய்யத் தடை வந்தது. வழக்காடி, 1937இல்தான் பதிவு கிடைத்தது. சித்தி கடைசிவரை கேட்டுவிட்டு, "செயிலுக்குப் போயிட்டு வந்து படிச்சாகளா?" என்றாள். பிறகு அந்தப் பேச்சை அன்றைக்கு எடுக்கவில்லை.

ஆகஸ்டிலிருந்து அவள் செய்வது இதுதான். சேலை வரும் அட்டைப்பெட்டிகள் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கிடைக்கும், பவர்லூம் ஊர். அதில் ஐந்தை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டாள். செபாஸ்டியன் லெய்ட்னர் என்ற ஜெர்மானியர் 1972இல் எழுதிய முறை. ஒரு சீட்டில் ஒரு கேள்வி, பின்னால் பதில். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும், அங்கிருந்து சில நாள் கழித்துத்தான் எழும். தப்பினால் எத்தனையாவது பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்ப வேண்டும். போனிலேயே இதற்கு ஆப் இருக்கிறது என்றேன். "போன எடுத்தா போன்லயே இருந்துருவேன்" என்றாள். பிரிவு 135 சீட்டில் அவள் எண்களை எழுதவில்லை. 'மூன்றும் வேண்டுமா, ஒன்று போதுமா?' என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

சீட்டுகளால் மட்டும் வரிக் கணக்கு வராது. அதற்கு முழுத் தாள் எழுத வேண்டும், வாரத்துக்கு இரண்டு. இன்ஸ்டிடியூட் வெளியிடும் மாதிரித் தாள்களும் விடைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. யார் திருத்துவது என்பதுதான் சிக்கல். ராஜபாளையத்தில் இவளைப் போலவே எழுதும் ஒரு பெண்ணோடு வாட்ஸப்பில் தாளை மாற்றிக்கொள்கிறார்கள், ஒருத்தி தாளை மற்றவள் திருத்துகிறாள். அடுத்தவள் தாளில் ஒரு தப்பைப் பிடித்தால் அதைத் தான் செய்வது நின்றுவிடுகிறது என்கிறாள். சட்டத் தாள் மட்டும் என்னிடம் வரும். எனக்குச் சட்டம் தெரியாது, அதனால்தான். வாசித்து எனக்குப் புரியாவிட்டால் மார்க் கிடையாது என்பது ஏற்பாடு. "உங்களுக்குப் புரியலைன்னா நான் என்ன செய்ய?" என்று சண்டை போடுவாள். போட்டுவிட்டு அந்தப் பத்தியைத் திருப்பி எழுதுவாள்.

31க்குப் பிறகு 38, 44, மறுபடி 39, அப்புறம் 52. நேர்கோடாக ஏறவில்லை. 39 வந்த அன்று பழைய மஞ்சள் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று சித்தி சொன்னாள்.

தேர்வு மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை. கேள்வித்தாளை வாசிக்க மட்டும் அதற்கு முன்னால் பதினைந்து நிமிடம். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் நாலு பக்கமும் தறி ஓடும். முன்பெல்லாம் அந்த மூன்று மணி நேரம் அவள் தூங்குவாள், இரவு ஊர் அடங்கியபின் படிப்பாள். இப்போது ஒன்றே முக்காலுக்குத் தாளைப் பிரிக்கிறாள். சித்தி அந்த நேரத்துக்கு டிவியை அணைக்கிறாள், தறியை யாராலும் அணைக்க முடியாது. ஜனவரித் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இன்றைக்கு வரித் தாள். கடைசிக் கணக்குக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கிவைத்திருப்பதாக, தாளைப் பிரிக்கும் முன் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.