அசையும் ஒற்றும்

மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் என் போன்றோர்க்கும் பிரெஞ்சு மொழி முற்றிலும் அயலன்று. ‘பீரோ’வைத் திறக்கிறோம், தேர்வுக்குப் ‘பிரெசி’ எழுதிப் பழகினோம். இவ்விரு சொற்களிலும் ஆங்கிலேயர் முதலசையை அழுத்துவர். பிரெஞ்சுக்காரர் இறுதியசையைச் சற்றே நீட்டுவர். இதனை எனக்கு உணர்த்தியது ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகளின் பாடநூல். அவள் பள்ளியில் தமிழ் இல்லை, பிரெஞ்சு உண்டு.

சொற்களை அசையசையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நண்பனைக் குறிக்கும் ‘அமி’, அ–மி. பேசுதலைக் குறிக்கும் ‘பார்லே’, பார்–லே. இரண்டு உயிர்களுக்கிடையே ஒரு மெய் நின்றால் அது பின்வரும் உயிரைச் சாரும். இரண்டு நின்றால் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பிரியும். சொல்லெல்லையையும் இவ்விதி கடக்கும். ‘அவெக்’ என்றால் ‘உடன்’; ‘எல்’ என்றால் ‘அவள்’; சேர்ந்தால் அ–வெ–கெல். அழுத்தமும் தனிச்சொல்லுக்கன்று, தொடரின் ஈற்றசைக்கே. இங்குக் ‘கெல்’ மட்டும் நீளும்.

“பாலும் ஆடையும் சேர்ந்தால்?” என்று கேட்டேன்.

“பா–லா–டை. அப்பா, இது எனக்குத் தெரிஞ்சதுதானே!”

நன்னூலார் வகுத்த புணர்ச்சியை இத்தனை எளிதாக எவரும் கற்றிரார்.

ஆனால் ‘தமிழ்’ என்னும் சொல்லில் இடறினாள். பிரெஞ்சுக் கணக்கில் த–மிழ் இரண்டு. நம் யாப்பில் குறிலிணை ஒற்றடுத்து வந்த ஒரே நிரையசை. அவர்கள் உயிர்களை எண்ணுகின்றனர். நாமோ குறில் நெடிலை நிறுத்துப் பார்க்கிறோம். எனினும் எண்ணும் வழக்கம் நமக்கும் இல்லாமலில்லை. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ண, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து; நிரையசையில் தொடங்குவதற்கு 17. பிரெஞ்சுக் கவிஞரின் ‘அலெக்சாந்திரேன்’ அடிக்கு 12 அசை.

என் தாயார் மாலைதோறும் ஓதும் அபிராமி அந்தாதி இந்த யாப்பே. பேத்தி அருகமர்ந்து விரல்விட்டு எண்ணலானாள். “பாட்டி, இன்னொரு தடவை சொல்லு!” கேட்டதை நாகரி எழுத்தில் குறித்தாள். இந்தி வழக்கப்படி ஈற்றொற்றுகளுக்குக் கீழ்க்கோடு இடாததால் அவையும் முழு எழுத்தாய் நின்றன, கணக்கு மிகுந்தது. தமிழில் எழுதிக் காட்டினேன். எதை விடவேண்டும் என்பதைப் புள்ளி சொல்லிற்று.

பிரெஞ்சுக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் இன்று முப்பது பாடல்கள் தமிழெழுத்தில் இருக்கின்றன. ‘ழ’கரத்தின் வால் மட்டும் இன்னும் நாகரியின் சாயலில் வளைகிறது.