தறி நின்னா முழிக்காத பையன்

எங்க ஊர் எடப்பாடி. விடிய விடிய 'டடக்... டடக்'னு தறி ஓடும். எங்களுக்கு அதான் தாலாட்டு. ராத்திரி கரன்ட் போய் தறி நின்னுட்டா, வீடே முழிச்சுக்கும். முழிக்காத ஒரே ஆளு, எங்க அக்கா பையன்.

'தறிக்காரன் வீட்டுப் புள்ளை, எதுக்கும் அசையுதா பாரு'னு பெருமைப்பட்டோம். ஒன்றரை வயசாகியும் 'அம்மா'னு சொல்லலை. "ஆம்பளைப் பசங்க லேட்டாத்தான் பேசும் சாமி. உங்க மாமனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்"னு அம்மாயி சமாதானம் சொல்லுச்சு. இ.சி.இ. படிக்கிற நானும் தலையாட்டினேன்.

ஒருநாள் சமையக்கட்டுல குண்டா விழுந்துச்சு. நான் துள்ளிட்டேன். என் மடியில இருந்தவன் பொம்மையைத் திருகிக்கிட்டே இருந்தான். மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறிட்டோம்.

அவனைத் தூங்க வெச்சு 'பெரா' டெஸ்ட் எடுத்தாங்க. சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் சொல்லுதான்னு பார்க்கிற டெஸ்ட். ரெண்டு காதுலயும் பதில் இல்லை. காரணம் தெரிய சி.டி., எம்.ஆர்.ஐ. ரெண்டும் எடுக்கச் சொன்னார் டாக்டர்.

"தம்பி, நீ இன்ஜினீயரிங்தானே? சி.டி. எலும்பைக் காட்டும். அது மெஷினோட பாடி. எம்.ஆர்.ஐ. நரம்பைக் காட்டும். அது வயரிங். ரெண்டையும் பார்க்காம ஆபரேஷன்ல கை வைக்கக் கூடாது."

கம்ப்யூட்டர்ல படத்தைப் பெருசாக்கிக் காட்டினார். உள்காதுல நத்தைக்கூடு மாதிரி இருக்கிற காக்ளியா, எல்லாருக்கும் ரெண்டரைச் சுத்து இருக்கும். இவனுக்கு ஒன்றரைதான்! கருவுல ஏழாவது வாரம் வாக்குல வளர்ச்சி நின்னுபோனா இப்படி ஆகுமாம். பேரு, 'மாண்டினி'.

1791-ல் இத்தாலிக்காரர் கார்லோ மாண்டினி, காது கேளாத எட்டு வயசுப் பையனோட உள்காதுல இதைக் கண்டுபிடிச்சார். வண்டி காலில் ஏறி, புண் புரையோடி இறந்துபோன பையன் அவன். அறுத்துப் பார்த்துதான் தெரிஞ்சது. எங்க பையனுக்கு ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள படமே வந்துடுச்சு.

"சொந்தத்துல கட்டினதாலயா டாக்டர்?"னு அக்கா அழுதுச்சு. மாமா, எங்க அம்மாவோட தம்பி. "சில வகைப் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு சொந்தத்துல கல்யாணம் வாய்ப்பைக் கூட்டும். ஆனா, இவனுக்கு அதான் காரணம்னு படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதும்மா"ன்னார்.

வயித்துல பால் வார்த்தது எம்.ஆர்.ஐ.தான். நரம்பு இருந்துச்சு! அதனால காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்க முடிஞ்சது. நரம்பே இல்லாத குழந்தைகளுக்கு இது உதவாது. அவங்கள்ல சிலருக்கு மூளைத்தண்டுலயே கருவி வைக்கிறாங்க. சென்னையில டாக்டர் மோகன் காமேஸ்வரன் குழு அதைச் செஞ்சிருக்கு. மாண்டினி காதைத் திறக்கும்போது உள்ளேயிருந்து திரவம் பீய்ச்சலாம். மூளைக்காய்ச்சல் அபாயமும் உண்டு. அதனால முன்னாடியே தடுப்பூசி போட்டாங்க. செலவு? முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல, தகுதியுள்ள ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு.

கருவியை ஆன் பண்ணினதும் சினிமா மாதிரி எல்லாம் நடக்கலை. மாசக்கணக்கா ஸ்பீச் தெரபி. அக்கா தினமும் ஒரே வார்த்தையை நூறு தடவை சொல்லும்.

போன வாரம் கரன்ட் போச்சு. தறி நின்னுது. காரை உருட்டிக்கிட்டிருந்தவன் சட்டுனு நிமிர்ந்து தறிக்கூடத்தைப் பார்த்தான். அக்கா என் கையைப் புடிச்சுக்கிச்சு.

ஃப்ரெண்ட்ஸ், உங்க வீட்லயும் ஒரு குட்டி இருந்தா, பின்னாடி நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. திரும்பலைன்னா, 'லேட்டாப் பேசும்'னு தலையாட்டாதீங்க. திரும்பினாலும் பேச்சு வரலைன்னா விட்டுடாதீங்க. உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நாங்க ஒரு வருஷத்தை அப்படித்தான் தொலைச்சோம்.